பானத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பான விளம்பரம்: கோகோ கோலாவும் பந்து, பாட்டு, ஆட்டம், சாப்பாடும்

தாமரைக்குளம் கேட்டது:

அவையோருக்கு வணக்கம். நான் வணிகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. கோகோ கோலா நிறுவனம் கால்பந்து, இசை, நடனம், உணவு ஆகியவற்றின் வழியாகத் தன்னை மக்களிடம் கொண்டுசெல்லும் முறையை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதற்காக அந்த நிறுவனத்தின் நாற்பது பழைய, புதிய விளம்பரங்களைப் பார்த்து, ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் குறித்துவந்தேன். யார் குடிக்கிறார், எங்கே குடிக்கிறார், பின்னால் என்ன பாட்டு, பானத்தைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்று நான்கு கட்டங்கள். முதல் மூன்றும் நிரம்பி வழிய, நான்காவது கட்டத்தில் ‘குளிர்ச்சி’ என்ற ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்ப எழுத முடிந்தது. பல வரிசைகளில் அதற்கும் வழியில்லை. மகிழுந்து விளம்பரத்தில் எரிபொருள் கணக்காவது வரும். சோப்பு விளம்பரத்தில் வேப்பிலையோ எலுமிச்சையோ வரும். இங்கே அதுவும் கிடையாது.

வழிகாட்டியிடம் காட்டியபோது அவர் சிரித்துவிட்டு, “கூட்டம் கூடும் இடத்தில் கடை போட வேண்டும் என்பது திருவிழாவில் பொரிகடலை விற்பவருக்கே தெரியும், இதில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பந்தும் பாட்டும் ஆட்டமும் சாப்பாடும் ஒரே திட்டத்தின் உறுப்புகளா, அல்லது பணம் இருக்கிற நிறுவனம் கூட்டம் இருக்கிற இடமெல்லாம் இறைப்பதா? இத்துறையை அருகிலிருந்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

பழைய விளம்பரக்காரன் எழுதியது:

சென்னையில் விளம்பர முகமைகளில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கோலா நிறுவனம் எதற்கும் நேரடியாக வேலை செய்ததில்லை என்பதால் ஒளிக்கவும் புகழவும் எனக்கு எதுவும் இல்லை.

உங்கள் வழிகாட்டியின் பொரிகடலை உவமை பாதி சரி. பொரிகடலைக்காரர் கடை போட்டால் பக்கத்தில் இன்னொருவர் கடை போடுவதை அவரால் தடுக்க முடியாது. உலகக் கோப்பைப் போட்டிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம் முதலில் வாங்குவது அந்தத் தடுக்கும் உரிமையைத்தான். அதன் பிறகுதான் பலகை, பதாகை எல்லாம். 1996இல் இங்கே நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பையை நினைவுள்ளவர்களுக்கு இது உடனே விளங்கும். அதிகாரப்பூர்வ பானம் என்ற இடத்தைக் கோகோ கோலா விலைகொடுத்து வாங்கிக்கொள்ள, வெளியே நின்ற பெப்சி, தன்னிடம் அதிகாரப்பூர்வமாக எதுவும் இல்லை என்பதையே முழக்கமாக்கி, பணம் கட்டியவரைவிட அதிகமாகப் பேசப்பட்டது. உரிமை வாங்கினால் போதாது, வாங்கியதை நிரப்பத் தெரிய வேண்டும் என்று எங்கள் தலைமுறை விளம்பரக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது.

இனி கால்பந்துக்கு வருவோம். 1950இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையிலிருந்தே ஒவ்வொரு போட்டியிலும் மைதானத்தில் கோகோ கோலாவின் பலகை இருந்துவருகிறது. ஆனால் முறையான உறவு தொடங்கியது 1974இல். உலகக் கோப்பையின் அதிகாரப்பூர்வ ஆதரவாளரானது 1978இல். அந்த 1974 ஏன் முக்கியம் என்றால், பிரேசில்காரரான ஜுவாவ் ஹவலாஞ் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானது அந்த ஆண்டில்தான். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் வாக்குகளை நம்பி வென்ற அவர், அந்த நாடுகளுக்குப் பயிற்சியும் கூடுதல் இடங்களும் தருவதாகச் சொல்லியிருந்தார். கூட்டமைப்பின் கையில் அதற்கான பணம் இல்லை. கோகோ கோலாவிடம் பணம் இருந்தது. அந்த நாடுகளிலெல்லாம் புட்டி நிரப்பும் ஆலைகளும் இருந்தன, அல்லது வரவிருந்தன. 1977இல் துனீசியாவில் நடந்த முதல் இளையோர் உலகப் போட்டி கோகோ கோலா கோப்பை என்ற பெயரையே தாங்கி நடந்தது. சோவியத் ஒன்றியம் வென்ற அந்தப் போட்டியை ஐரோப்பாவில் பெரிதாக யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆப்பிரிக்க மண்ணில் நடந்த உலகப் போட்டி ஒன்றின் பெயர்ப் பலகையில் ஒரு பானம் ஏறியிருந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் விளம்பரம் போட இடைவெளி உண்டு. கால்பந்தில் 45 நிமிடம் ஆட்டம் நிற்காது. கோடி கோடியாகக் கொட்டிய நிறுவனத்துக்கு ஆட்டத்தின் நடுவே ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. ஓரப் பலகை மட்டுமே. ஆகவே ஆட்டத்தைச் சுற்றியுள்ள நேரத்தை அது பிடித்தாக வேண்டும்: மைதானத்துக்கு வருகிற வழியில் பாட்டு, கோல் விழுந்தவுடன் நடனம், இடைவேளையில் சாப்பாடு, நான்கு ஆண்டு இடைவெளியில் கோப்பையின் ஊர்வலம். என் கணக்கில் உங்கள் நான்கும் ஒன்றோடொன்று சேருகிற முடிச்சு இதுதான். பந்து உருளாத நேரத்தை நிரப்பவே மற்ற மூன்றும் வருகின்றன.

சான்றாக ரோஜே மில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் இத்தாலியில் நடந்த போட்டியில், 38 வயதில், மாற்று வீரராக வந்து கேமரூனுக்காக நான்கு கோல் அடித்தவர். கோல் அடித்ததும் மூலைக் கொடிக்கம்பத்துக்கு ஓடி, ஒரு கையை வயிற்றில் வைத்து மறு கையை உயர்த்தி இடுப்பை அசைத்து ஆடினார். ஐந்தாறு நொடிதான்; அதை யாரும் சொல்லிக்கொடுத்து ஆடவைக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2010இல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை நடந்தபோது, கோல் கொண்டாட்டம் என்பதே அந்த நடனத்திலிருந்து பிறந்தது என்பதுபோல் ஒரு விளம்பரம் எடுத்து, மில்லாவையும் அதில் கொண்டுவந்தது கோகோ கோலா. கவனியுங்கள், கோலை அல்ல, கோலுக்குப் பின்வந்த ஐந்து நொடியை எடுத்துக்கொண்டார்கள். கோல் ஒரு நாட்டுக்கு உரியது, எதிரணி ரசிகனுக்கு அது வலி. நடனம் எல்லோருக்கும் பொது.

கோப்பை ஊர்வலமும் அப்படியே. 2006 முதல் உலகக் கோப்பையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். வென்ற அணியினரும் நாட்டுத் தலைவர்களும் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பது மரபு. வரிசையில் நிற்பவருக்குக் கிடைப்பது கோப்பையருகே நின்று எடுத்துக்கொள்ளும் ஒரு புகைப்படம். அந்தப் படத்தை அவர் வீட்டில் மாட்டுகிறார்; அவருக்குப் பின்னால் இருக்கும் சிவப்புத் திரையும் சேர்ந்து மாட்டப்படுகிறது.

சுருதிப்பெட்டி எழுதியது:

மேலே எழுதிய பெரியவரின் விளக்கம் கால்பந்துக்குப் பொருந்தும். இசையை அதன் ஓரத்தில் வைப்பதை நான் ஏற்கவில்லை. கால்பந்தில் இந்த நிறுவனம் வாடகைக்குக் குடியிருக்கிறது. இசையில் சொந்த வீடே கட்டிக்கொண்டது.

1971இல் இத்தாலியில் ஒரு குன்றின்மேல் பல நாட்டு இளைஞர்களை நிறுத்திப் பாடவைத்த விளம்பரம் பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த விளம்பரப் பாட்டிலிருந்து பானத்தின் பெயரை நீக்கிவிட்டுத் தனிப் பாடலாக வெளியிட்டபோது அது பல நாடுகளில் பெரும் வெற்றி பெற்றது. பெயரை எடுத்த பிறகும் பாட்டைக் கேட்டவர்களுக்குப் பானம் நினைவுக்கு வந்தது. இந்த வித்தையைத்தான் பின்னால் விரிவாகச் செய்தார்கள்.

2007இல் பிரேசிலில் இரு வேறு வகைப் பாடகர்களை ஒரே மேடையில் சேர்த்துவைக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகத் தொடங்கியது, 2008இல் பாகிஸ்தானுக்கு வந்து ‘கோக் ஸ்டூடியோ’வாக வேரூன்றியது. அதைக் கட்டி எழுப்பிய ரொஹைல் ஹயாத், கவ்வாலிக்காரர்களையும் நாட்டுப்புறப் பாடகர்களையும் மின்கிதார், டிரம் வாசிப்பவர்களோடு ஒரே அறையில் உட்காரவைத்தார். 2010இல் ஆரிஃப் லோஹார், நம் வீட்டு அடுப்பங்கரை இடுக்கியை ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக நீட்டிவிட்டதுபோல் இருக்கும் சிம்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, கொக்கியும் வளையமும் குலுங்கப் பாடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின்னணியில் சிவப்பு விளக்கு இருக்கும், யாரும் எதையும் குடித்துக்காட்ட மாட்டார்கள். பஞ்சாபி அறியாத எங்கள் வீட்டில் அது பல மாதம் ஓடியது. 2022இல் அலி சேத்தியும் ஷே கில்லும் பாடிய பாட்டு எல்லை தாண்டி இந்தியாவெங்கும் ஒலித்தது. இரு நாட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத காலத்தில் இது நடந்தது என்பதை உங்கள் ஆய்வேட்டில் குறிக்கலாம். தமிழுக்கு அந்த நிகழ்ச்சி 2023இல் வந்தது.

வீட்டுக்காரருக்கு ஒரு வசதி உண்டு, எந்த ஆணியை எங்கே அடிப்பது என்று அவரே முடிவெடுக்கலாம். அந்த வசதியின் மறுபக்கம் 2010இல் தெரிந்தது. உலகக் கோப்பைக்காகக் கோகோ கோலா எடுத்துக்கொண்ட கொடி அசைக்கும் பாடலை எழுதிப் பாடியவர் கனான். சோமாலியாவில் பிறந்து, போருக்குத் தப்பி, கனடாவில் வளர்ந்தவர். அவருடைய மூலப் பாட்டில் போரும் வறுமையும் அலைந்து திரிந்த வாழ்வும் இருந்தன. உலகக் கோப்பைக்கு வந்த வடிவத்தில் அவை இல்லை. கொண்டாட்டம் மட்டும் இருந்தது, கூடவே நிறுவனத்தின் அடையாளமான அந்தச் சிறு ஐந்து சுரத் துணுக்கும் இழைக்கப்பட்டிருந்தது. பல மொழிப் பாடகர்களைச் சேர்த்து நாட்டுக்கு நாடு வேறு வேறு வடிவம் செய்தார்கள். போட்டியின் அதிகாரப்பூர்வப் பாட்டு ஷகீராவுடையது. ஆனாலும் கனானின் பாட்டைத்தான் அதிகாரப்பூர்வப் பாட்டு என்று நம்புகிறவர்களை இன்றும் சந்திக்கிறேன். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். மூலப் பாட்டைக் கேட்ட பிறகு மற்றதைக் கேட்கச் சற்றுக் கூச்சமாகவும் இருக்கும்.

மனாவுஸ்வாசி எழுதியது:

நான் தொழில் நிமித்தமாகப் பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத் தலைநகரான மனாவுஸில் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். பிரேசில் முழுவதற்குமான கோகோ கோலாவின் மூலச்சாறு இந்த ஊரின் வரிச்சலுகைத் தொழிற்பேட்டையில்தான் தயாராகிறது என்பதால், எங்கள் ஊருக்கும் அந்தப் பானத்துக்கும் உள்ள உறவு விளம்பரத்தோடு முடிவதில்லை. ஆனால் நான் எழுத வந்தது நடனத்தைப் பற்றி.

மனாவுஸிலிருந்து அமேசான் ஆற்றோடு கிழக்கே போனால், ஆற்றுத் தீவொன்றில் பாரின்டின்ஸ் என்ற ஊர் இருக்கிறது. சாலை கிடையாது, படகு அல்லது விமானம். படகில் போவதென்றால் அவரவர் தூளியை அவரவரே கொண்டுவந்து தளத்தின் கம்பிகளில் கட்டிக்கொண்டு, அடுத்தவர் முழங்கை நம் விலாவில் படத் தூங்கிக்கொண்டு போக வேண்டும். ஜூன் மாதக் கடைசி வார இறுதியில் மூன்று இரவுகள் அங்கே காளைத் திருவிழா நடக்கும். கர்ப்பிணி மனைவி காளையின் நாக்கைத் தின்ன ஆசைப்பட்டதால் பண்ணையாரின் செல்லக் காளையைப் பண்ணையாளான கணவன் கொன்றுவிட, பிறகு அந்தக் காளை உயிர்த்தெழும் கதையே திருவிழாவின் கரு. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் ஆடும் ஆட்டமும், வீடளவு உயரப் பொம்மைகளும், டோவாடா என்னும் பாட்டுகளும், அமேசான் பழங்குடியினரின் தொன்மங்களும் சேர்ந்துவிட்டன. மேலிருந்து பார்த்தால் காளைத் தலைபோல் தெரியும் அரங்கத்தை 1988இல் கட்டினார்கள்.

ஆடுவது இரண்டு காளைகள். கரன்டீடு சிவப்பு, கப்ரிஷோசு நீலம். இரண்டும் 1913இல் பிறந்ததாகச் சொல்லிக்கொள்கின்றன. ஊரின் தேவாலயத்தை நடுக்கோடாக வைத்து ஒரு பாதி சிவப்பு, மறு பாதி நீலம். வீட்டுச் சுவர், வேலி, கடைப் பலகை எல்லாம் அப்படியே. எதிரிக் காளையின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள், ‘எதிராளி’ என்பார்கள். அரங்கிலும் ஒரு பாதி சிவப்புக்காரர், மறு பாதி நீலக்காரர். ஒரு காளை ஆடும்போது மற்றதன் ரசிகர்கள் இருட்டில் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். கூச்சலிட்டால் மதிப்பெண் குறையும். ஆயிரக்கணக்கானோர் பாட்டும் கூத்துமாக இருக்க, எதிரே ஆயிரக்கணக்கானோர் வாய்மூடி இருக்கும் அந்தக் காட்சியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இந்த ஊருக்கு ஆதரவாளராக வந்த கோகோ கோலாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். உலகமெங்கும் அதன் நிறம் சிவப்பு. பாரின்டின்ஸில் சிவப்புப் பதாகை கட்டினால் பாதி ஊர் அதைக் கட்சிக்கொடியாகப் பார்க்கும். நீலக்காரர் வாங்கமாட்டார். ஆகவே நீலப் பகுதியில் அந்த நிறுவனம் தன் எழுத்தையும் பதாகையையும் நீலமாக்கியது. திருவிழாவுக்கு நீல டின்களும் வந்தன. உலகிலேயே கோகோ கோலா தன் நிறத்தை விட்டுக்கொடுத்த ஒரே ஊர் எங்கள் ஊர்தான் என்று பாரின்டின்ஸ்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நம் ஊர்ப் பக்கம் இப்படிப்பட்ட பானங்களுக்கே ‘கலர்’ என்றுதான் பெயர். இங்கே கலர்தான் சண்டை.

என்னுடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரின் தாயார் நீலக் காளையின் தீவிர பக்தை. திருவிழாவுக்கு முந்தைய நாள் அவர் வீட்டில் சாப்பிட்டேன். கரியில் சுட்ட தம்பாக்கி மீன், மரவள்ளிப் பொரிமாவு, எலுமிச்சை. நடுவில் இரண்டு லிட்டர் புட்டி ஒன்று வந்தது. கடையில் நீல டின் தீர்ந்துபோய்ச் சாதாரணச் சிவப்புச் சீட்டு ஒட்டிய புட்டிதான் கிடைத்ததாம். அந்த அம்மையார் புட்டியின் இடுப்பில் ஒரு நீலக் கைத்துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. முதலில் நான் வேடிக்கை என்றுதான் நினைத்தேன்; முடிச்சு அவிழ்ந்தபோது அவர் எழுந்துவந்து மறுபடி கட்டியதும் அது வேடிக்கை இல்லை என்று புரிந்துகொண்டேன்.

ஆகவே, கூட்டம் இருக்கும் இடத்தில் பணத்தை இறைப்பதுதானா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: இறைத்தால் மட்டும் இந்த ஊரில் வேலைக்காகாது. நிறுவனம் எதைக் கொடுத்தது என்பதைவிட எதை விட்டுக்கொடுத்தது என்று உங்கள் நோட்டில் ஐந்தாவது கட்டம் ஒன்று போடுங்கள்.

பிரேசிலில் அதற்கு உண்மையான போட்டி பெப்சி அல்ல, குவாரனா அண்டார்க்டிகா. 1921இல் தொடங்கிய உள்ளூர்ப் பானம். அதற்கு வேண்டிய குவாரனா விதை விளையும் மவெஸ் நகரமும் எங்கள் மாநிலத்தில்தான். அங்குள்ள சாத்தெரே-மாவே பழங்குடி மக்கள் வறுத்த விதையைக் கட்டியாக்கி, பிரருகு மீனின் காய்ந்த நாக்கெலும்பில் உரசி, தண்ணீரில் கலந்து குடிப்பது பழைய வழக்கம். பச்சை டின்னில் வரும் அந்தப் பானம் பிரேசில் தேசிய அணிக்கு ஆதரவாளர். 2006 உலகக் கோப்பையின்போது அர்ஜென்டீனாவின் மரடோனாவைப் பிரேசிலின் மஞ்சள் சட்டை போடவைத்து, பிரேசில் வீரர்கள் ரொனால்டோ, காகா ஆகியோரோடு நிறுத்தி, பிரேசில் நாட்டுப்பண்ணையும் பாடவைத்தார்கள். அடுத்த காட்சியில் அர்ஜென்டீனக்காரர் அலறி விழித்து, இந்தப் பானத்தை அளவு மீறிக் குடித்ததால் வந்த கெட்ட கனவு என்கிறார். 90களில் சோளப்பொரியோடு குவாரனா, பீட்சாவோடு குவாரனா என்று அவர்கள் போட்ட பாட்டை நாற்பது வயதைக் கடந்த பிரேசில்காரர் யாரைக் கேட்டாலும் பாடிக்காட்டுவார். உணவுப் பகுதிக்கு அது உதவும்.

பிரியாணிக்கடை எழுதியது:

உணவைப் பற்றி எல்லோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறீர்கள். என் பார்வையில் பணம் வருவது அங்கேதான். பாட்டைக் கேட்பவர் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். சாப்பாட்டு மேசையில் அமர்ந்தவர் ஏதோ ஒன்றைக் குடித்தே ஆக வேண்டும்.

அமெரிக்க வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955 முதல் மெக்டொனால்ட்ஸ் கோகோ கோலாவை விற்கிறது. எதிர்முகாமில் பெப்சிகோ 1977இல் பீட்சா ஹட், 1978இல் டாக்கோ பெல், 1986இல் கே.எஃப்.சி. என்று உணவகத் தொடர்களையே விலைக்கு வாங்கிப்போட்டது; 1997இல்தான் அவற்றைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. ஒரு பான நிறுவனம் இருபது ஆண்டுகள் உணவகம் நடத்திக்கொண்டிருந்ததற்கு, அந்தக் கடைகளின் குழாயில் யாருடைய பானம் வரும் என்பதும் ஒரு காரணம். உணவகக் குழாயில் சாறும் வாயுநீரும் அங்கேயே கலப்பதால் புட்டிச் செலவு இல்லை, ஏற்றிச்செல்லும் கூலி குறைவு. குழாய் ஒருவருடையது என்றால் மற்றவருக்கு அங்கே வேலையில்லை. விளம்பரக்கார ஐயா சொன்ன தடுக்கும் உரிமை, இங்கே ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் நடக்கிறது.

என் கடை சிறியது. இருந்தாலும் அதே கதைதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்பான நிறுவனத்தின் விற்பனையாளர் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி ஒன்றை இலவசமாகக் கொண்டுவந்து வைத்தார். நிபந்தனை என்னவென்றால், வேறு நிறுவனத்துப் புட்டியோ தயிர்ப் பாக்கெட்டோ அதில் இருக்கக்கூடாது. வாசலைப் பார்த்தபடி அதை வைக்க வேண்டும். கூடவே பெயர்ப் பலகையும் இலவசம். பலகை வந்தபோது பானத்தின் பெயர் இரண்டடி உயரம். எங்கள் தாத்தா பெயரில் நடக்கும் கடையின் பெயர் ஒரு சாண். மே மாதத்தில் ஒருநாள் ராய்த்தாவுக்கான தயிரை அந்தப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். சரக்கு இறக்கும் லைன் வண்டியோடு வந்த பையன் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் எனக்கு ஸ்கீம் கிரேட், அதாவது சலுகையாகத் தரும் புட்டிப் பெட்டி, வரவில்லை. பிரியாணி தின்றவருக்குக் காரத்தின் மேல் ஒரு இனிப்பும் புளிப்பும் வாயுவும் வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. எந்தப் புட்டி என்பதை மட்டும் அவர் நாக்கு முடிவு செய்வதில்லை, என் குளிர்பெட்டி முடிவு செய்கிறது.

எதிர்வழக்கு எழுதியது:

இவ்வளவு நேரம் எல்லோரும் இந்த நிறுவனத்தின் சாமர்த்தியத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் நோட்டின் நான்காவது கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு எளிய பதில் ஒன்று உண்டு: அதில் எழுதக்கூடியது சர்க்கரை. 100 மில்லிக்கு ஏறத்தாழ பத்தரை கிராம். 300 மில்லிப் புட்டி ஒன்றில் முப்பது கிராமுக்கு மேல். ஒரு நாளைக்குச் சேர்க்கைச் சர்க்கரை ஐம்பது கிராமுக்குள், முடிந்தால் இருபத்தைந்துக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. இதை விளம்பரத்தில் சொல்ல முடியாது. ஆகவே பந்தைக் காட்டுகிறார்கள். ஓடியாடி வியர்க்கிறவர்களின் அருகே நின்றால் பானமும் ஓடியாடுகிறதுபோல் தோன்றும்.

14 ஜூன் 2021 அன்று புடாபெஸ்ட் நகரில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோ மேசையில் இருந்த இரண்டு கோகோ கோலாப் புட்டிகளை நகர்த்திவைத்துவிட்டு, தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிக்காட்டி ‘தண்ணீர்’ என்று தன் மொழியில் சொன்னது நினைவிருக்கும். அதனால் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் நானூறு கோடி டாலர் போயிற்று என்று ஊடகங்கள் எழுதின. அந்த எண்ணை உங்கள் ஆய்வேட்டில் அப்படியே போட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அந்தப் பங்கு ஈவுத்தொகை நீங்கிய விலைக்கு மாறிய நாள், அதாவது அன்று முதல் வாங்குபவருக்கு அந்தத் தவணை ஈவுத்தொகை கிடையாது. அப்படிப்பட்ட நாளில் பங்கு விலை ஏறத்தாழ ஈவுத்தொகையின் அளவுக்கு இறங்குவது இயல்பு. நான் இந்த நிறுவனத்தின் வழக்கறிஞன் அல்லன். ஆனாலும் கணக்கு கணக்குதான். ரொனால்டோ உடைத்தது பங்கு விலையை அல்ல. மேசையில் வைத்த புட்டியை யாரும் கவனிப்பதில்லை என்ற சௌகரியத்தைத்தான் அவர் உடைத்தார்.

மனாவுஸ்காரரின் காளையைப் படித்தபோது எனக்கு வேறொரு காளை நினைவுக்கு வந்தது. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்கள் கோக், பெப்சியைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் அவற்றை விற்பதில்லை என்று அறிவித்தன. நிலத்தடி நீர், தாமிரபரணி, உள்ளூர்ப் பானங்கள் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோவைத் தேடிப்போய் வாங்கினார்கள். சில மாதங்களில் சிவப்பும் நீலமும் பெரும்பாலான கடைகளுக்குத் திரும்பிவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே ஒரு காளைக்காக நிறம் மாறிய நிறுவனத்துக்கு, இங்கே ஒரு காளையால் கடைவாசலில் இடம் போயிற்று. திருவிழாவில் தானும் ஒருவன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனிடம், ஊர்ச் சண்டை வரும்போது நீ எந்தப் பக்கம் என்று ஊர் கேட்காதா?

தாமரைக்குளம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐந்தாவது கட்டத்தைப் போட்டுவிட்டு, இரண்டு நாளாக நாற்பது விளம்பரங்களையும் மறுபடி பார்த்தேன். அதிலும் பெரும்பாலும் காலிதான். ஆனால் நிரம்பிய மூன்று நான்கு இடங்களைப் பற்றி மட்டுமே ஒரு இயல் எழுத முடியும் என்று தோன்றுகிறது. பங்கு விலைச் செய்தியை ஏற்கெனவே எழுதிவைத்திருந்தேன், நீக்கிவிட்டேன். ஒரு சிறு சந்தேகம் மனாவுஸ்வாசி அவர்களுக்கு: நீல டின்னும் சிவப்பு டின்னும் கடையில் ஒரே விலையா? சிவப்புக்காரரும் நீலக்காரரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன வாங்குவார்கள்?

மனாவுஸ்வாசி எழுதியது:

நான் வாங்கியவரையில் விலை ஒன்றே. உள்ளே இருப்பதும் ஒன்றே. நீல டின் ஒன்று என் மேசையில் பேனா தாங்கியாக இருக்கிறது, படம் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு விடை நான் சொன்ன அதே வீட்டில் இருக்கிறது. நண்பரின் தங்கை சிவப்புக் காளைக்காரர் ஒருவரை மணந்திருக்கிறார். மற்ற மாதங்களில் அவர்கள் வீட்டில் கோகோ கோலாதான். ஜூன் மாதத்தில் மட்டும் குவாரனா வாங்குகிறார்கள், அது பச்சை.